நிறையாத கோப்பு

ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே கடைசியில் பிடிக்கும் காற்று செப்டம்பர் வரை லேசில் விடாது. 1990-களில் நிறுத்திய 225, 250 கிலோவாட் காற்றாலைகள் பல அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த மாதிரிப் பழைய மெஷின்களின் பேனல் பெட்டிக்குள் வைக்கும் சிறிய டேட்டா லாகர்களுக்கு நாகர்கோவிலில் உட்கார்ந்து நிரல் எழுதுவது என் தொழில். காற்றின் வேகம், ஜெனரேட்டர் சூடு, கியர்பாக்ஸ் எண்ணெய்ச் சூடு, மூன்று ஃபேஸின் வோல்டேஜ், பிரேக் எப்போது விழுந்தது, எதற்காக விழுந்தது: இவ்வளவையும் எழுதிவைக்க வேண்டும். எழுத இருக்கும் இடம் 4 மெகாபைட் ஃபிளாஷ் சிப் ஒன்று.

இன்றைக்குப் போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அந்த அளவு இருக்கிறது. பெரிய மெமரி கார்டாகப் போட்டுவிட்டால் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். போடலாம்தான். ஆனால் ஆள் கவனிக்காமல் வருடக்கணக்கில் ஓட வேண்டிய பெட்டியில் எவ்வளவு பெரிய இடமும் ஒரு நாள் நிறையும். நிறைந்த அன்றைக்கு லாகர் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் இல்லாத நிரல் அன்றோடு எழுதுவதை நிறுத்தும், அல்லது மொத்தமாகத் தொங்கிவிடும். அப்புறம், அதிர்வும் உப்புக்காற்றும் உள்ள பெட்டியில் கார்டு சொருகும் சாக்கெட்டே ஒரு பலவீனம். போர்டில் ஈயம் வைத்து ஒட்டிய சிப் அசையாது.

ஆகவே வட்டக் கோப்பு. அளவை முதலிலேயே முடிவு செய்து மொத்த இடத்தையும் பிடித்துவைத்துவிடுவது. கடைசி இடம் வரை எழுதியதும் முதல் இடத்துக்குத் திரும்பி, இருப்பதிலேயே பழையதை அழித்து எழுதுவது. ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கம் முடிந்ததும் முதல் பக்கத்தை ரப்பரால் துடைத்து மேலே எழுதுவது மாதிரி. லினக்ஸ் கர்னல் தன் செய்திகளை இப்படித்தான் வைத்திருக்கிறது. விண்டோஸின் ஈவென்ட் லாகும் அளவு முட்டியதும் பழையதைத் தள்ளிவிட்டுத்தான் எழுதுகிறது. இதற்கெல்லாம் முன்னாலேயே, 1950-களில் ஆஸ்திரேலியாவில் டேவிட் வாரன் செய்த முதல் விமானப் பதிவுக்கருவி எஃகுக் கம்பியில் நான்கு மணி நேரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, அதற்கு முந்தியதைத் தானாகவே அழித்துக்கொண்டு ஓடியது. விபத்து நடந்தால் தேவைப்படுவது கடைசிச் சில மணி நேரம்தான் என்று அவர் தெளிவாக முடிவு எடுத்திருந்தார். எதை மறக்கலாம் என்று முதலிலேயே சொல்லத் தெரிந்த ஆளால்தான் இப்படி ஒரு கருவியைச் செய்ய முடியும்.

பதிவுகள் எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் வட்டம் எளிதாகிறது. நான் வைத்திருப்பது 32 பைட். முதல் 4 பைட் வரிசை எண், அடுத்த 4 பைட் நேரம். பதிவின் வகைக்கு 1, வடிவத்தின் பதிப்பு எண்ணுக்கு 1, ஆம்-இல்லை என்று நிலையைச் சொல்லும் நிலைக்கொடிகளுக்கு 2. அதன்பின் ஒன்பது அளவீடுகள், ஒவ்வொன்றும் 2 பைட், ஆக 18. கடைசி 2 பைட் சி.ஆர்.சி. சரிபார்ப்பு, அதாவது மற்ற 30 பைட்டிலிருந்து கணக்கிட்டு வைக்கும் எண். கூட்டினால் 32. சூடு 61.2 டிகிரி என்றால் 612 என்று முழு எண்ணாக உட்காரும். புள்ளியை வாசிக்கும் நிரல் போட்டுக்கொள்ளும்.

நீளம் மாறும் பதிவுகளை வட்டத்தில் வைத்தால் இரண்டு இடங்களில் இடிக்கும். வட்டம் முடியும் இடத்தில் ஒரு பதிவு பாதி அங்கேயும் பாதி இங்கேயுமாக உடையும். அதைவிட மோசம், புதிய பதிவு பழைய ஒன்றின் தலையைத் தின்றுவிட்டு வாலை மட்டும் விட்டுவிட்டுப் போவது. அந்த வாலிலிருந்து அடுத்த பதிவு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஒரே நீளம் என்றால் கணக்கு ஒரே வரியில் முடியும்: வரிசை எண்ணை மொத்த இடங்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் மீதியை 32-ஆல் பெருக்கு, அங்கே எழுது.

32 என்பதற்கும் காரணம் உண்டு. இந்தச் சிப்பில் ஒரே தடவையில் எழுதும் பக்கம் 256 பைட், ஒரே தடவையில் அழிக்கும் செக்டர் 4096 பைட். 32 இரண்டையும் மிச்சமில்லாமல் வகுக்கும்: ஒரு பக்கத்துக்கு 8 பதிவு, ஒரு செக்டருக்கு 128 பதிவு. ஆசைக்கு இன்னும் இரண்டு அளவீட்டைச் சேர்த்து 36 பைட் ஆக்கினால் எட்டாவது பதிவு பக்க எல்லையைத் தாண்டும். தாண்டிய பைட்டுகளை இந்த வகைச் சிப் அடுத்த பக்கத்தில் எழுதாது. அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி அங்கே இருக்கும் பதிவின் மேலேயே எழுதும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. அங்கங்கே சில பதிவு மட்டும் கோணலாக வரும் லாகைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

ஊர்ப்பெயர், பிழைச் செய்தி போன்ற எழுத்துகளை நான் பதிவுக்குள் விடுவதே இல்லை. தமிழில் எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும்; மெய்யும் அதன் மேல் ஏறும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள். 'குளச்சல்' 24 பைட். 'நாகர்கோவில்' 33 பைட், என் மொத்தப் பதிவையே தாண்டிவிடும். 20 பைட் ஒதுக்கி மிச்சத்தை வெட்டினால் ஆறு குறியீடு முழுதாகவும் ஏழாவது மூன்றில் இரண்டாகவும் நிற்கும், திரையில் கட்டமும் கேள்விக்குறியும் வரும். ஆகவே பதிவுக்குள் ஒரு எண்ணை மட்டும் போட்டு, அந்த எண்ணுக்கான தமிழ்ச் செய்தியை வாசிக்கும் நிரலில் அட்டவணையாக வைத்திருக்கிறேன். செய்தியைத் திருத்த வேண்டுமென்றாலும் மெஷினுக்கு யாரும் போக வேண்டியதில்லை.

இனி ஃபிளாஷ் சிப்பின் குணத்துக்கு வருகிறேன். அழித்தால் எல்லா பிட்டும் 1 ஆகும். எழுதும்போது 1-ஐ 0 ஆக்கலாம், 0-வைத் திரும்ப 1 ஆக்க முழுச் செக்டரையும் அழிக்க வேண்டும். ஒரு செக்டர் தாங்கும் அழிப்பு சுமார் 1,00,000 முறை. பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் 'அடுத்து எழுத வேண்டிய இடம் எது' என்ற ஒரு எண்ணை ஒரு குறிப்பிட்ட செக்டரில் வைத்து, ஒவ்வொரு பதிவுக்கும் அதை அழித்துத் திருத்தினால் என்ன ஆகும் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் நாளைக்கு 1440. ஒரு லட்சத்தை அதால் வகுத்தால் 69 நாள். காற்றுக்காலம் பாதிகூட ஆகாமல் அந்தச் செக்டர் தன் ஆயுளைத் தின்றிருக்கும். மற்ற 1023 செக்டரும் புத்தம் புதிதாக இருக்கும்.

அதனால் அந்த எண்ணை எங்கேயும் எழுதாமல் விடுவதே சரி. ஒவ்வொரு பதிவிலும்தான் வரிசை எண் இருக்கிறதே. கரண்ட் வந்ததும் லாகர் ஒவ்வொரு செக்டரின் முதல் பதிவையும் எட்டிப்பார்த்து, எண்கள் ஏறிக்கொண்டே வந்து எங்கே சட்டென்று கீழே விழுகின்றன அல்லது வெறுமையாகின்றன என்று பார்க்கும். அந்த முறிவுதான் தலை, அடுத்து எழுத வேண்டிய இடம். இருகூறாகப் பிரித்துத் தேடினால் பத்தே வாசிப்பில் செக்டரைப் பிடிக்கலாம், இன்னும் ஏழில் பதிவையே பிடிக்கலாம். ஆனால் நான் 1024 செக்டரையும் வரிசையாகவே பார்க்கிறேன். அதற்கு ஆவது சில மில்லிசெகண்டுதான். தலைச் செக்டர் அழிந்து வெறுமையாக நிற்கும் நேரத்தில் கரண்ட் போயிருந்தால் அந்தச் சாமர்த்தியமான தேடல் ஏமாறும் சந்துகள் உண்டு. இந்த இடத்தில் நான் முரட்டு வழியின் பக்கம்தான் நிற்பேன்.

நேரத்தை வைத்து வரிசைப்படுத்தலாமே என்பார்கள். கூடாது. கடிகாரத்தின் பேட்டரி இறங்கினால் நேரம் 2000 ஜனவரி 1-க்குத் திரும்பும். யாராவது திருத்தினால் முன்னே பின்னே குதிக்கும். வரிசை எண் ஒருபோதும் பின்னே போகாது. நொடிக்கு ஒன்று என்று எழுதினாலும் 4 பைட் எண் தீர 136 வருடம் ஆகும்.

காற்றுக்காலத்தில் லைன் டிரிப் ஆவது சாதாரணம். 32 பைட்டில் 20 எழுதிய நேரத்தில் கரண்ட் போகலாம். சி.ஆர்.சி. கடைசியில் இருப்பதால் அப்படிப்பட்ட பதிவு பொருந்தாமல் மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் மறுபடி எழுத ஃபிளாஷ் விடாது. அந்த இடத்தையும் அதற்குரிய வரிசை எண்ணையும் சேர்த்தே கைவிட்டுவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். எண்ணை மட்டும் மிச்சம் பிடித்து அடுத்த இடத்தில் போட்டால், மீதி பார்த்து இடம் சொல்லும் கணக்கு அன்றோடு கெடும். பதிவு எழுத ஒரு மில்லிசெகண்டும் ஆகாது, பெரும்பாலும் தப்பிக்கும். செக்டரை அழிப்பதுதான் மெதுவான வேலை, சாதாரணமாக 45 மில்லிசெகண்ட், சிலசமயம் பல மடங்கு. பாதி அழிந்த செக்டர் வெறுமையாகவே வாசித்துக் காட்டலாம், எழுதினால் நிற்காமல் போகலாம். அதனால் கரண்ட் வந்த ஒவ்வொரு முறையும் அடுத்த செக்டரைக் கேள்வி கேட்காமல் இன்னொரு முறை அழித்துவிடுகிறேன். ஆயிரத்தில் ஒன்றான செக்டருக்கு எப்போதோ விழும் கூடுதல் அழிப்பு ஒரு கணக்கே இல்லை. எப்போதும் ஒரு செக்டர் அழிந்த நிலையில் காத்திருக்கும் என்பதால், வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்கும்போது மொத்த அளவைச் சொல்லாமல் ஒரு செக்டர் குறைத்தே சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னது கைவேலை, பழகினால் வந்துவிடும். அளவைத் தீர்மானிப்பதில்தான் நிஜமான யோசனை தேவைப்படுகிறது.

4 மெகாபைட்டில் 1,31,072 பதிவு பிடிக்கும். நொடிக்கு ஒன்று என்றால் 36 மணி நேரம். நிமிடத்துக்கு ஒன்று என்றால் 91 நாள். காற்றாலைக்காரர்கள் பழகிய பத்து நிமிடச் சராசரி என்றால் இரண்டரை வருடம். இதில் எது வேண்டும் என்பதை மெஷின் சொல்லாது, சிப் சொல்லாது. வாசிக்க வரும் ஆள் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருவார், வந்து என்ன கேட்பார் என்பதுதான் சொல்லும். காற்று அடிக்கும்போது மெஷினை நிறுத்தி மேலே ஏற யாருக்கும் மனம் வராது. காற்று தணிந்த பிறகுதான் நிதானமாகப் பார்ப்பார்கள். அப்படியென்றால் மே முதல் செப்டம்பர் வரை 153 நாளும் ஏதோ ஒரு உருவத்தில் உள்ளே இருந்தாக வேண்டும்.

ஒரே வட்டத்தில் இது நடக்காது, பிரிக்க வேண்டும். 1999-இல் டோபி ஓட்டிக்கர் வெளியிட்ட ஆர்.ஆர்.டி.டூல் என்ற நிரல் இதை அழகாகச் செய்கிறது: புதியதை நுணுக்கமாகவும் பழையதைச் சுருக்கியும் பல வட்டங்களாக வைத்துக்கொள்ளும், கோப்பு ஒரு பைட்கூட வளராது. அந்த வழியில், 256 செக்டரை நொடிப் பதிவுக்குக் கொடுத்தேன்: 9 மணி நேரம். 512 செக்டரை நிமிடப் பதிவுக்கு: 45 நாள். 192 செக்டரைப் பத்து நிமிடப் பதிவுக்கு: 170 நாள், காற்றுக்காலம் முழுக்க அடங்கும். சுருக்கும்போது சராசரி மட்டும் எடுத்தால் போதாது. பத்து நிமிடச் சராசரி நொடிக்கு 12 மீட்டர் என்று காட்டும். நடுவில் 24-இல் அடித்த ஒரு வீச்சு அதில் காணாமல் போயிருக்கும், பிளேடை உலுக்கியது அதுதான். ஒன்பதாவது அளவீட்டு இடம் அந்த உச்ச வீச்சுக்கென்றே ஒதுக்கியது.

மிச்சம் 64 செக்டர். அலாரங்களுக்காக வைத்தது. நான் அதிகம் மல்லுக்கட்டியது இதில்தான்.

முப்பந்தலில் நெடுநாள் வேலை பார்க்கும் டெக்னீஷியன் அண்ணன் ஒருவர் வேறொரு பழைய கன்ட்ரோலரின் லாகைக் காட்டிச் சொன்னார்: "சாரே, இதில நேத்தைக்கு உள்ளது எல்லாம் இருக்கு. முந்தின நாளு மெஷின் எதுக்கு நின்னுதுன்னு உள்ளது மட்டும் இல்ல பாத்துக்கிடுங்க."

அந்தத் திரையில் இருந்தது முழுக்க ஒரே அலாரம். அதிர்வு சென்சாரின் ஒயர் லூசாகி, விட்டுவிட்டு ஒரே செய்தியை அடித்துக்கொண்டிருந்தது. அது மற்ற எல்லாவற்றையும் வட்டத்திலிருந்து தள்ளிவிட்டது. வாயாடி ஒருத்தர் இருந்தால் வட்டம் முழுக்க அவர் குரல்தான் நிற்கும். இதற்கு மருந்து பழசு: ஒரே செய்தி அடுத்தடுத்து வந்தால் புதுப் பதிவு போடாமல் எத்தனை முறை வந்தது என்று எண்ணி, அடுத்த வேறு செய்தி வரும்போது ஒரே பதிவாக எழுதுவது. யுனிக்ஸின் பதிவு நிரலான சிஸ்லாக் வெகுகாலமாகச் செய்வது இது. அலாரத்துக்கும் அளவீட்டுக்கும் ஒரே வட்டம் வைக்கவே கூடாது என்பது இன்னொன்று.

ஆனால் அண்ணன் சொன்னதில் இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது. வட்டக் கோப்பு கடைசியில் நடந்ததைக் காப்பாற்றும். பழுது பார்க்கப் போகிறவருக்கு வேண்டியதோ முதலில் நடந்தது. லைனில் ஒரு ஃபேஸ் சரிகிறது, ஜெனரேட்டர் கழன்றுகொள்கிறது, சுமையில்லாமல் வேகம் ஏறுகிறது, பிரேக் விழுகிறது, அதிர்வு அலாரம் அடிக்கிறது, எண்ணெய் அழுத்தம் குறைந்ததாக ஒரு செய்தி, மறுபடி ஸ்டார்ட் ஆகப் பார்த்துத் தோற்ற செய்திகள் வரிசையாக. காரணம் முதல் வரியில் மட்டும்தான் இருக்கிறது. மற்றது எல்லாம் அதன் விளைவு. விளைவுகள் பெருகப் பெருக வட்டம் காரணத்தை விழுங்கும். பழுது எவ்வளவு பெரிதோ அவ்வளவு சீக்கிரம் விழுங்கும்.

விமானத்திலும் இதே கதை உண்டு. 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய போயிங் 737 மேக்ஸ் 9 ஒன்றில் நடுவானில், கதவு வைக்காத இடத்தை மூடியிருந்த அடைப்பு பிய்த்துக்கொண்டு போனது. விமானம் பத்திரமாக இறங்கியது. விமானி அறையின் குரல்பதிவு இரண்டு மணி நேர வட்டம். இறங்கிய பிறகு அதன் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கரை உரிய நேரத்தில் யாரும் இழுக்கவில்லை. கருவி தன் கடமையைச் செய்துகொண்டே இருந்தது. விசாரணைக்காரர்கள் வந்தபோது வேண்டிய பகுதி அழிந்திருந்தது. ஐரோப்பாவில் புதிய பெரிய விமானங்களுக்கு அந்த நேரத்தை 25 மணியாக்கிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் வட்டத்தைப் பெரிதாக்குவது பிரச்சினையைத் தள்ளிப்போடுவது மட்டுமே. சம்பவம் நடந்ததும் அந்தத் துண்டு உறைய வேண்டும், அதுவும் மனிதர் கை வைக்காமலே.

அதைத்தான் செய்தேன். பிரேக் விழுந்த கணத்தில், அதற்கு முந்தைய 60 நொடிப் பதிவுகள், பிந்தைய 60 நொடிப் பதிவுகள், முதலில் வந்த 8 அலாரங்கள்: மொத்தம் 128 பதிவு, சரியாக ஒரு செக்டர். நொடி வட்டத்திலிருந்து அதை நகலெடுத்துத் தனி இடத்தில் வைத்துவிடுவது. ஒரு சம்பவம், ஒரு செக்டர், 4096 பைட். அப்படி 48 சம்பவங்களுக்கு இடம். மீதி 16 செக்டர் சாதாரண அலாரங்களுக்கான வட்டம், 2048 பதிவு. ஒன்பதாவது அலாரத்தை உறைந்த செக்டர் வாங்காது, அது வட்டத்துக்குத்தான் போகும். அண்ணனுக்கு இப்போது திரையில் முதல் வரியிலேயே காரணம் நிற்கிறது.

நாற்பத்தெட்டும் நிறைந்தால்? இங்கே வட்டம் கூடாது என்பது என் முடிவு. யாராவது பார்த்து 'பார்த்தாச்சு' என்று பொத்தானை அழுத்திய சம்பவத்தின் மேல் மட்டுமே புதியது எழுதப்படும். யாரும் பார்க்காததை அழிக்க லாகருக்கு உரிமை இல்லை. இடம் இல்லாவிட்டால் புதிய சம்பவத்தைச் சேமிக்காமல், சேமிக்காதவை இத்தனை என்று எண்ணிக்கை மட்டும் காட்டும். கூட வேலை பார்க்கும் தம்பிக்கு இதில் உடன்பாடு இல்லை. புதியதுதான் முக்கியம் என்பான். காற்றுக்காலம் தொடங்கும்போது வந்த முதல் பழுதுதான் சீசன் முழுக்க வரும் பழுதுகளுக்குத் தாய் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், அதனால் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது இதே வடிவத்தைக் கடலுக்குக் கொண்டுபோகிறோம். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் தூத்தூர்ப் பக்கத்துப் படகுகள் ஒரு மாதத்துக்கு மேல் கரை திரும்பாது. 32 பைட் பதிவு, நிமிடத்துக்கு ஒரு முறை இருக்கும் இடம்: 91 நாள். அடுத்த ஓட்டத்துக்குக் கிளம்பும்போது போன ஓட்டத்தின் தடம் கையில் இருக்க வேண்டும், ஆகவே இரண்டு ஓட்டமாவது வட்டத்துக்குள் அடங்க வேண்டும், அடங்குகிறது. படகு ஒரே இடத்தில் மிதக்கும் இரவில் நிமிடத்துக்கு ஒன்று வீண் என்பதால், அரை கிலோமீட்டர் நகர்ந்தால்தான் எழுது என்று வைக்கலாமா என்று யோசித்தேன். வைக்கவில்லை. நகராமல் கிடந்ததும் தகவல்தான். எங்கே எவ்வளவு நேரம் வலை போட்டுக் கிடந்தோம் என்று கேட்பார்கள்.

படகுக்காரப் பெரியவர் ஒருவர் கேட்டதுதான் இப்போது மேசையில் இருக்கும் வேலை. "மக்களே, தடம் அழிஞ்சா போட்டும். வலை கிழிஞ்ச இடமும் பார் கிடக்க இடமும் அழியப்பிடாது. அப்பா காலத்தில மனசில இருந்தது, இப்ப பெட்டியிலயாக்கும் இருக்கு." பார் என்னும் கடலடிப் பாறைத்திட்டு, மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பல், இவை அவர்களுக்குச் சொத்து. ஒரு பொத்தான் அழுத்தினால் அந்த நேரத்தின் பத்து நிமிடத் தடம் வட்டத்திலிருந்து விலகிக் காப்பிடத்துக்குப் போகும். இதுவரை காற்றாலையில் செய்ததுதான். ஆனால் அங்கே வைத்த 'பார்த்தாச்சு' இங்கே பொருந்தாது. பார்த்ததால் ஒரு பார் பழசாவதில்லை. ஆகவே காப்பிடம் நிறையும்போது படகுப் பெட்டி தானாக எதையும் தொடாது: பஸ்ஸர் அடித்து, குறித்த இடங்களை வரிசையாகத் திரையில் காட்டி, எதை விடலாம் என்று கேட்கும். பதில் வராதவரை புதுக் குறி ஏறாது. வரிசையை நாளின்படி காட்டுவதா, படகு இப்போது நிற்கும் இடத்துக்கு அருகில் இருப்பதிலிருந்து காட்டுவதா என்பது மட்டும் இன்னும் பேச்சில் இருக்கிறது. அருகிலிருந்து என்கிறார் பெரியவர். அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.